தோற்ற நாட்டுக்கு எழுதும் ஒப்பந்தம்: பிழை கடுமையில்தானா?

வெள்ளவத்தை_வாத்தியார்:

உயர்தர வகுப்புக்கு வரலாறு படிப்பிக்கிறேன். முதலாம் உலக யுத்தத்தில் தோற்ற ஜேர்மனிக்கு 1919இல் எழுதிய வேர்சாய் உடன்படிக்கை பற்றி ஒரு கேள்வி எப்போதும் வரும். மாதிரி வினாத்தாள் திருத்த உட்கார்ந்தால் வருஷாவருஷம் ஒரே விடைதான். "வேர்சாய் உடன்படிக்கை மிகக் கடுமையாக இருந்தது. ஆகவே ஜேர்மனியர் அவமானப்பட்டனர். ஆகவே ஹிட்லர் வந்தார். ஆகவே இரண்டாம் உலக யுத்தம்." மூன்று "ஆகவே"க்குள் இருபது வருஷ ஐரோப்பா முடிந்துவிடும். புள்ளி போடாமலும் விட முடியாது, கைநூல்கள் அப்படித்தான் சொல்லிக் கொடுக்கின்றன.

எனக்கு மனம் ஒப்பவில்லை. கடுமைதான் காரணம் என்றால் மற்ற ஒப்பந்தங்களை என்ன செய்வது? 1871இல் பிரான்ஸ் தோற்றபோது பிராங்பேர்ட் ஒப்பந்தத்தில் அல்சாஸையும் லொரேனில் ஒரு பகுதியையும் கொடுத்தது, 500 கோடி பிராங்க் நட்டஈடும் கட்டியது. கட்டி முடியும்வரை ஜேர்மன் படை பிரெஞ்சு மண்ணில் குந்தியிருந்தது. பிரெஞ்சுக்காரர் தங்கள் மக்களிடமே கடன் பத்திரம் விற்று, 1873இலேயே, தவணைக்கு முன்னமே கட்டி முடித்துப் படையை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே ஒரு ஹிட்லர் வரவில்லை.

1918 மார்ச்சில் அதே ஜேர்மனி பிரெஸ்ட்-லிட்டோவ்ஸ்கில் ரஷ்யாவிடம் எழுதி வாங்கியதைப் பாருங்கள். போலந்து, பால்டிக் கரை, உக்ரேன் எல்லாம் போய், பழைய சாம்ராஜ்யத்தின் மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கைவிட்டுப் போனது. வேர்சாயில் ஜேர்மனி இழந்தது நிலத்தில் 13 வீதம், மக்களில் 10 வீதம் அளவுதான். 1920இல் திரியானோன் ஒப்பந்தத்தில் ஹங்கேரி இழந்தது மூன்றில் இரண்டு பங்கு நிலம்!

1945ஐ விடவே வேண்டாம். நாட்டையே நாலாகப் பிரித்தார்கள். ஓடர்–நைசே ஆற்றுக்குக் கிழக்கே இருந்ததெல்லாம் போனது, ஒரு கோடிக்கு மேற்பட்ட ஜேர்மனியர் ஊர் ஊராகத் துரத்தப்பட்டார்கள். அதற்குப் பிறகு மூன்றாம் யுத்தம் வந்ததா?

அப்படியென்றால் எது தீர்மானிக்கிறது? தெரிந்தவர்கள் வாருங்கள்.

பேரேடு:

கணக்காளன் என்ற முறையில் முதலில் எண்களைப் பார்ப்போம். வேர்சாய் என்றால் எல்லோரும் 132 பில்லியன் தங்க மார்க் என்று சொல்லிப் பெருமூச்சு விடுவார்கள். அந்தத் தொகை 1919 ஒப்பந்தத்தில் இல்லை. 1921 மே மாதம் லண்டனில் போட்ட அட்டவணையில்தான் வருகிறது. அதை மூன்று வகைப் பத்திரமாகப் பிரித்திருந்தார்கள். ஏ, பீ இரண்டும் சேர்ந்து 50 பில்லியன். மிச்சம் 82 பில்லியன் சீ வகை. ஜேர்மனிக்குக் கட்டும் வசதி எப்போதாவது வந்தால் பார்க்கலாம் என்று ஒதுக்கி வைத்தது அது. வரவே வராத கடனைச் சொத்துப் பக்கத்தில் காட்டுகிற வேலை. பாரிஸிலும் லண்டனிலும் வாக்காளர்களுக்குப் பெரிய எண் ஒன்று காட்ட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். கடைசியில் ஜேர்மனி கட்டியது மொத்தமாக 20 பில்லியன் அளவு. அதிலும் 1924க்குப் பிறகு கட்டியதில் பெரும்பகுதி அமெரிக்கக் கடனில் வந்த காசு. அமெரிக்கா ஜேர்மனிக்குக் கொடுக்கும், ஜேர்மனி பிரான்ஸுக்கும் பிரித்தானியாவுக்கும் கொடுக்கும், அவர்கள் அமெரிக்காவுக்குப் போர்க்கடன் கட்டுவார்கள். புறக்கோட்டையில் இப்படிச் செக் சுழற்றினால் பொலிஸ் வரும்.

பணவீக்கத்தையும் தவறாகத்தான் சொல்கிறோம். 1922 கடைசியில் ஜேர்மனி தர வேண்டிய தந்திக் கம்பங்களில் குறை விழுந்தது, பிறகு நிலக்கரியில். அதைச் சாட்டாக வைத்து 1923 ஜனவரியில் பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் ஜேர்மனியின் நிலக்கரிப் பிரதேசமான ரூர் பகுதிக்குள் நுழைந்தன. அங்கே வேலைநிறுத்தம் செய்தவர்களுக்கு பெர்லின் அரசாங்கம் சம்பளம் கொடுத்தது. எப்படி? நோட்டு அச்சடித்து. நவம்பரில் ஒரு டொலருக்கு 4,200,000,000,000 மார்க். யுத்தத்தையே வரி போடாமல் கடனில் நடத்திய அரசாங்கம் அது, நோய் 1914இலேயே தொடங்கிவிட்டது.

இப்போது என் முக்கியமான ஆட்சேபம். ஹிட்லரின் நாசிக் கட்சி 1928 தேர்தலில் எடுத்தது 2.6 வீதம். ஒப்பந்தம் எழுதி ஒன்பது வருஷம், அவமானம் அப்படியே இருக்கிறது, வாக்கு இல்லை. 1930இல் 18 வீதம், 1932 ஜூலையில் 37 வீதம். இடையில் வந்தது பொருளாதார மந்தம், அறுபது இலட்சம் பேருக்கு வேலையில்லை. நட்டஈட்டையோ 1932 ஜூலையில் லொசான் மாநாட்டிலேயே ஏறக்குறைய முழுதாகக் கைவிட்டுவிட்டார்கள். ஹிட்லர் பதவிக்கு வந்தது 1933 ஜனவரி. கடன் போன பிறகுதான் ஆள் வந்தார்.

உயர்தரம்_இரண்டாம்_தடவை:

சேர், இதெல்லாம் சரி, பரீட்சைக்கு எதை எழுதுறது?

கப்பல்துறை:

பேரேடு சொன்னதோடு பின்லாந்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். துறைமுகத்தில் கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் வேலை செய்ததால் இந்தக் கதை எனக்கு நன்றாகப் பிடிக்கும். 1944இல் சோவியத்திடம் தோற்று, கரேலியாவைக் கொடுத்து, அங்கிருந்த நாலு இலட்சத்துக்கு மேற்பட்ட சனத்தை உள்ளே இழுத்துக் குடியேற்றி, அதற்கு மேல் 300 மில்லியன் டொலர் நட்டஈடு. காசாக இல்லை, சாமானாக: கப்பல், இயந்திரம், கேபிள், கடதாசி. அவர்களுக்கு மரம் அறுக்கத் தெரியும், இவ்வளவு கப்பல் கட்டத் தெரியாது. தெரியாததைத்தான் மொஸ்கோ கேட்டது. மரத்தாலான பாய்க்கப்பல்களே டசின் கணக்கில் கட்டிக் கொடுத்தார்கள். 1952இல் கடைசிச் சாமான் ரயில் போனது. கட்டி முடித்தபோது கையில் ஒரு கப்பல் கட்டும் தொழிலும் கனரகத் தொழிலும் மிஞ்சியிருந்தன.

இதைச் சொல்லி "தண்டனை நல்லது" என்று நான் வாதாட வரவில்லை. கரேலியாவிலிருந்து வந்தவனுக்குக் கப்பல் தொழிலால் ஊர் திரும்பக் கிடைக்காது. ஆனால் நிலக்கரியையும் தங்கத்தையும் அள்ளிக் கொடுப்பது ஒன்று, உழைப்பால் செய்து கொடுப்பது வேறொன்று. இரண்டாவதில் தோற்றவனுக்கும் கைத்தொழில் மிஞ்சும்.

பழைய_ரேடியோ:

தம்பிமார், கொழும்பில் இருந்துகொண்டு இந்தத் தலைப்பில் ஜே.ஆர். ஜயவர்தனவை விட்டுவிட்டுக் கதைப்பதா?

1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு காலை. யப்பானிய விமானங்கள் கொழும்புக்கு மேல். துறைமுகத்தில் கப்பல்கள் மூழ்கின, அங்கொட மனநோய் மருத்துவமனை மேலும் குண்டு விழுந்தது. எங்கள் வீட்டில் பெரியவர்கள் பெட்டி படுக்கையோடு ஊருக்கு ஓடிய கதையைச் சாகும்வரை சொல்வார்கள். நாலு நாளில் திருகோணமலை.

அப்படி அடி வாங்கிய எங்கள் நாட்டின் நிதி அமைச்சராக ஜே.ஆர். 1951 செப்டம்பர் 6ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோவில், யப்பானுடனான சமாதான மாநாட்டில் எழுந்து, விமானத் தாக்குதலாலும், இங்கே படைகள் வந்து தங்கியதாலும், நேச நாடுகளுக்காக றப்பர் மரங்களைச் சாகும் அளவுக்கு வெட்டிப் பால் எடுத்ததாலும் வந்த சேதத்துக்கு ஈடு கேட்க எங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் கேட்கப் போவதில்லை என்றார். பகை பகையால் தணியாது என்ற தம்மபத வரியையும் சொன்னார். காமகுராவில் பெரிய புத்தர் சிலை இருக்கும் விகாரையில் அவருக்கு நினைவுக்கல் இருக்கிறது. பிறகு யப்பான் 1954இல் ஆசிய நாடுகளுக்கு உதவும் கொழும்புத் திட்டத்தில் சேர்ந்தது, உதவி வாங்குகிற நாடாக அல்ல, கொடுக்கிற நாடாக. தோற்று ஒன்பதே வருஷத்தில்! ஸ்ரீ ஜயவர்தனபுர வைத்தியசாலை, ரூபவாஹினி நிலையம் எல்லாம் அந்த நட்பில் வந்தவை.

வாத்தியார் கேட்டதற்கு என் பதில் இதுதான்: வென்றவன் தோற்றவனுக்குக் கதிரை போட்டுக் கொடுக்கிறானா என்பதே விஷயம். 1815இல் நெப்போலியன் தோற்ற பிறகு பிரான்ஸ் 700 மில்லியன் பிராங்க் கட்ட வேண்டியிருந்தது, படையும் உள்ளே நின்றது. ஆனால் 1818இல் ஆஹன் மாநாட்டில் படையை எடுத்துவிட்டு, வல்லரசுகளின் கூட்டத்தில் பிரான்ஸையும் சேர்த்துக்கொண்டார்கள். வேர்சாயில் ஜேர்மன் தூதுக்குழுவைக் கடைசியில் கூப்பிட்டு, எழுதி முடித்ததைக் கையில் கொடுத்தார்கள்.

புறக்கோட்டை_மொத்தம்:

ஐயா, பெரியவர் என்று மரியாதையோடு சொல்கிறேன், அந்தக் கதையில் பாதிதான் சொல்லியிருக்கிறீர்கள்.

மணிலா நகரம் சாம்பலானது. பிலிப்பைன்ஸ் மன்னிக்கிறோம் என்று சொல்லவில்லை, 1956இல் 550 மில்லியன் டொலர் ஒப்பந்தம் போட்டது. பர்மா சான் பிரான்சிஸ்கோவுக்கே போகவில்லை. 1954இல் தனியாக 200 மில்லியனுக்கு எழுதி வாங்கியது, அதில் பலுச்சாவுங் நீர்மின் நிலையம் கட்டினார்கள். இந்தோனேசியாவும் வாங்கியது. எங்களுக்கு விழுந்த அடி அவர்களுடையதோடு ஒப்பிட்டால் சிறிது. சிறிய கடனைத் தள்ளுபடி செய்வது சுலபம், பேரும் கிடைக்கும். நான் குறை சொல்லவில்லை. நல்ல வியாபாரி அப்படித்தான் செய்வான்.

இன்னொன்று. அந்த மேசையில் யார் இல்லை என்று பாருங்கள். சீனா இல்லை. கொரியா இல்லை. அதிகம் பட்டவர்களைக் கூப்பிடாமலே மன்னிப்பு நடந்தது. இந்தியாவும் வரவில்லை, 1952இல் தனியாகக் கையெழுத்திட்டது. ஒக்கினாவா சனம் என்ன பாடுபட்டது? தங்கள் நாட்டுக்குச் சுதந்திரம் 1952 ஏப்ரலில் வந்தது, அவர்கள் 1972 மே வரை அமெரிக்கக் கையில். "தாராளமான ஒப்பந்தம்" என்று டோக்கியோவில் இருந்து பார்த்தால் தெரியும். ஒக்கினாவாவின் நாஹா நகரில் இருந்து பார்த்தால் வேறு.

வாங்கிய நாடுகளுக்கு வந்ததும் பெரும்பாலும் யப்பானியச் சாமானும் சேவையும்தான். இயந்திரம் வந்தால் உதிரிப்பாகம் எங்கே வாங்குவது? அதே கம்பனியில். நட்டஈட்டோடு சந்தையும் திறந்தது. தோற்றவனுக்கு இதைவிட நல்ல தண்டனை கிடையாது!

பழைய_ரேடியோ:

சிறிய கடனோ பெரிய கடனோ, அன்றைக்கு அந்த மேடையில் அதைச் சொன்ன ஆசிய நாடு எது? அதற்குப் பெறுமதி இல்லை என்கிறீர்களா? மற்றபடி ஒக்கினாவா பற்றிச் சொன்னது சரி.

மலைநாட்டுப்_பிள்ளை:

இவ்வளவு தூரம் ஐரோப்பாவுக்கும் யப்பானுக்கும் ஓடத் தேவையில்லை. தோற்றவனுக்கு எழுதிய ஒப்பந்தம் எங்கள் நாட்டிலேயே அடுக்கடுக்காக இருக்கிறது.

1766இல் ஒல்லாந்தருடனான யுத்தத்துக்குப் பிறகு கண்டி அரசன் கரையோரம் முழுவதையும் கொடுத்தான். முன்பு தன் கையில் இருந்த கரையிலும் கடலிலிருந்து ஏறக்குறைய நாலு மைல் அகலத்துக்கு ஒரு பட்டி போனது. படத்தில் பார்த்தால் மெல்லிய கோடுதான். ஆனால் அதற்குப் பிறகு உப்பும் கருவாடும் இன்னொருவன் வாசலைத் தாண்டித்தான் மலைக்கு ஏற வேண்டும். வெளிநாட்டுத் தூதன் ஒருவனைத் தன் துறையில் இறக்கவும் அரசனால் முடியாது. பிறகு 1802இல் அமியன்ஸில் ஐரோப்பியர் தங்களுக்குள் பேசி அந்தக் கரையை ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயருக்கு மாற்றி எழுதினார்கள். கண்டியை யாரும் கேட்கவில்லை.

அப்புறம் 1815 மார்ச் 2, கண்டி அரண்மனையின் மகுல் மடுவ மண்டபம். கண்டி ஒப்பந்தம் பற்றிக் கதைக்கிறவர்கள் எல்லோரும் ஐந்தாவது உறுப்புரையைச் சொல்வார்கள், பௌத்தத்தைப் பாதுகாப்பது பற்றியது. அதற்கு முன்னால் இருப்பதை வாசிப்பதில்லை. ஸ்ரீ விக்ரம ராஜசிங்கனின் உறவினர் என்று சொல்லப்படும் ஆண்கள் அத்தனை பேரும் பகைவர், உள்ளே வரக்கூடாது. வெளியேற்றப்பட்ட மலபார் (அதாவது தென்னிந்திய) ஆண்கள் அனுமதியில்லாமல் திரும்பக்கூடாது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் பிரதானிகளும் ஆங்கிலேயரும். அதில் தண்டிக்கப்பட்டவர்கள் கையெழுத்திடவே இல்லை. அரசன் வேலூரில் 1832இல் இறந்தான்.

பிரதானிகளுக்கும் நீடிக்கவில்லை. 1817–18 ஊவா கலகம் அடக்கப்பட்டதும் 1818 நவம்பர் பிரகடனத்தில் அவர்களின் அதிகாரங்களை வெட்டிவிட்டார்கள். நாலு வருஷம்கூடத் தாங்கவில்லை, அவ்வளவு பவித்திரமாக எழுதிய ஒப்பந்தம். பழைய_ரேடியோ ஐயா சொல்லும் கதிரை இதுதான். போட்டுக் கொடுத்தவனே இழுக்கவும் முடியும்.

திண்டுக்கல்_பேரன்:

தாத்தா காலத்தில் கடை வைக்கக் கொழும்புக்கு வந்த குடும்பம். எங்கள் ஊரே ஒரு சமாதான ஒப்பந்தத்தில் கைமாறிய ஊர் என்பது இங்கே வந்த பிறகு வாசித்துத்தான் தெரியும்.

1792 மார்ச், ஸ்ரீரங்கப்பட்டணம். மைசூரின் திப்பு சுல்தான் பாதி ராஜ்ஜியத்தைக் கொடுத்தார், 3 கோடி 30 இலட்சம் ரூபாய் கட்ட ஒப்புக்கொண்டார், கட்டி முடியும்வரை தன் இரண்டு பையன்களை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனியிடம் பிணை வைத்தார். திண்டுக்கல், சேலம், பாராமகால் கம்பனிக்குப் போனது. மற்றப் பங்கு நிஜாமுக்கும் மராட்டியருக்கும். திப்பு பணத்தைக் கட்டினார், 1794இல் பையன்கள் வீடு திரும்பினார்கள். ஐந்து வருஷத்தில், 1799இல், கம்பனி மறுபடியும் வந்து அவரையும் கொன்று, மிச்சத்தையும் எடுத்தது.

பேரேடு அண்ணன் ஒழுங்காகக் கட்டினால் பிரச்சினை தீரும் என்று நினைக்கக்கூடும். திப்பு ஒழுங்காகக் கட்டியவர்.

பேரேடு:

அப்படி நான் எங்கே சொன்னேன்? :) ஆனால் நல்ல உதாரணம். பிரான்ஸ் 1873இல் கட்டி முடித்ததும் ஜேர்மன் படை போனதற்குக் காரணம், மறுபடியும் வந்து எடுக்க பிஸ்மார்க்குக்குத் தேவையிருக்கவில்லை. கம்பனிக்குத் தேவையிருந்தது. ஒப்பந்தத்துக்குப் பிறகு வென்றவனுக்கு என்ன ஆசை மிஞ்சியிருக்கிறது என்பதையும் கணக்கில் போட வேண்டும்.

நெடுந்தீவான்:

மலைநாட்டுப்_பிள்ளை சொன்ன பட்டியலில் யாழ்ப்பாணத்தையும் சேர்க்க வேண்டும். 1591இல் போர்த்துக்கேயர் படையோடு வந்து அரசனைக் கொன்று, நல்லூரில் ஒப்பந்தம் எழுதி, எதிர்மன்னசிங்கனைச் சிங்காசனத்தில் வைத்தார்கள். அரசு இருந்தது, கொடி இருந்தது, முடிவெடுப்பது மற்றவன். 28 வருஷம் கழித்து, 1619இல், அந்த மிச்சமும் போனது.

எல்லோரும் சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். கேட்க நினைப்பதைக் கேட்டுவிடுகிறேன். ஒப்பந்தமே இல்லாமல் முடிந்த யுத்தத்துக்கு என்ன சொல்வீர்கள்? 2002 பெப்ரவரியில் எழுதிய போர்நிறுத்த உடன்படிக்கையிலிருந்து அரசாங்கம் 2008 ஜனவரியில் விலகியது. 2009 மேயில் எல்லாம் முடிந்தது. வேர்சாய் கடுமையானது என்று திட்டவாவது ஜேர்மனியனிடம் ஒரு தாள் இருந்தது. எங்களிடம் என்ன இருக்கிறது? எந்தக் காணியை எப்போது விடுவது, காணாமற்போனவரைப் பற்றி யார் பதில் சொல்வது, எதற்கும் எழுதிய வாசகம் கிடையாது.

திரி_காவலன்:

கேள்வி தலைப்புக்கு உட்பட்டதுதான், அதனால் விடுகிறேன். கட்சி, ஆள் பெயர் இழுத்து வரும் பதில்கள் நீக்கப்படும்.

வெள்ளவத்தை_வாத்தியார்:

நெடுந்தீவான், நேர்மையான கேள்வி. என்னால் முடிந்த பதில் இது.

தாள் இல்லாமல் முடிந்த யுத்தங்கள் உண்டு. 1945இல் ஜேர்மனி நிபந்தனையின்றிச் சரணடைந்தது. கையெழுத்திடுவதற்கு ஒரு அரசாங்கமே மிஞ்சவில்லை. முழுமையான தீர்வு ஒப்பந்தம் 1990 செப்டம்பரில்தான், இரண்டு ஜேர்மனியும் நாலு வல்லரசும் சேர்ந்து எழுதியது. இடைப்பட்ட 45 வருஷமும் ஒன்றுமில்லாமல் போகவில்லை. 1951இல் பிரான்ஸும் மேற்கு ஜேர்மனியும் நிலக்கரி, உருக்குத் தொழிலை ஒரே சமூகத்துக்குள் கொண்டுவந்தன. துண்டு துண்டாக, துறை துறையாக எழுதினார்கள்.

ஆனால் உங்கள் நிலைமையோடு ஒரு பெரிய வித்தியாசம். அங்கே தோற்றது ஒரு நாடு. எல்லைக்கு அந்தப் பக்கம் அதற்கென்று ஒரு பாராளுமன்றமும், அதன் பெயரில் கதைக்க ஒரு ஆளும் மறுபடியும் வந்தது. உள்நாட்டு யுத்தத்தில் தோற்றது ஒரு இயக்கம். அது இல்லாமல் போனால் மேசையின் அந்தப் பக்கம் காலி. மிஞ்சும் சனம் தோற்ற நாடு அல்ல, வென்ற அரசின் பிரஜைகள். அவர்களுக்குத் தர வேண்டியதை ஒப்பந்தத்தில் அல்ல, அரசியலமைப்பிலும் சாதாரணச் சட்டத்திலும்தான் எழுத முடியும். ஆணைக்குழு போட்டார்கள், 2011 கடைசியில் அறிக்கை வந்தது. காணாமற்போனோர் அலுவலகத்துக்கு 2016இல் சட்டம் வந்தது. அதைச் செய்விக்கும் வெளிக்கை இல்லை என்பதுதான் நீங்கள் சொல்லும் வெறுமை என்று விளங்குகிறது. அதை நான் மறுக்கவில்லை.

நெடுந்தீவான்:

மறுக்காமல் விட்டதற்கு நன்றி சேர். ஆனால் "சாதாரணச் சட்டத்தில் எழுத முடியும்" என்பதில் "முடியும்" கொஞ்சம் கூடிப்போச்சு.

பேரேடு:

வாத்தியார் சொன்ன "துறை துறையாக" என்பதற்கு ஒரு நல்ல உதாரணம், அதில் நாங்களும் இருக்கிறோம். 1953 பெப்ரவரி லண்டன் கடன் உடன்படிக்கை. ஜேர்மனியின் பழைய, புதிய கடன்களை ஏறக்குறைய பாதியாக வெட்டினார்கள். கட்ட வேண்டிய தொகையை அந்த நாட்டின் ஏற்றுமதி மிச்சத்தோடு சேர்த்துப் பார்த்தார்கள். விற்று உழைத்தால்தான் கட்டலாம், ஆகவே அவன் விற்பதை வாங்குங்கள் என்பது கடன் கொடுத்தவர்களுக்கு விழுந்த நிபந்தனை மாதிரி. கையெழுத்திட்ட நாடுகளின் வரிசையில் இலங்கையும் உண்டு. 1951இல் யப்பானுக்கு, 1953இல் ஜேர்மனிக்கு, இரண்டு இடத்திலும் எங்கள் கையெழுத்து.

2022 ஏப்ரலில் நாங்கள் கடன் கட்ட முடியாது என்று அறிவித்த பிறகு, பொருளாதார வளர்ச்சியைப் பொறுத்து மாறும் பத்திரங்கள் 2024 டிசம்பரில் வந்தபோது எனக்கு இந்த 1953தான் ஞாபகம் வந்தது. வித்தியாசம் என்னவென்றால், எங்களுடையதில் வளர்ச்சி கூடினால் கட்டுவதும் கூடும். ஜேர்மனிக்கு அப்படிக் கூட்டவில்லை.

புறக்கோட்டை_மொத்தம்:

ஜேர்மனியை அமெரிக்காவுக்குத் தேவைப்பட்டது. எங்களை யாருக்குத் தேவை? அதுதான் வித்தியாசம். பனிப்போர் இல்லாவிட்டால் 1953ம் இல்லை, 1951ம் இல்லை.

எல்லோரும் விட்ட ஒன்று துருக்கி. 1920 செவ்ரேயில் ஒட்டோமானியரை வெட்டிக் கூறுபோட்டு ஒப்பந்தம் எழுதினார்கள். அங்காராவில் இருந்த புதிய துருக்கி அரசாங்கம் ஏற்கவில்லை, சண்டை போட்டு வென்று, 1923 ஜூலையில் லொசானில் புதிதாக எழுத வைத்தது. முதலாம் உலக யுத்தத்தில் தோற்ற நாடுகளில் சண்டை போட்டுத் தன் ஒப்பந்தத்தைப் புதிதாக எழுத வைத்தது அது ஒன்றுதான். ஆகவே வாத்தியார் கேட்ட கேள்விக்குப் பதில்: ஒப்பந்தத்தைக் காப்பாற்ற வென்றவன் திரும்பச் சண்டைக்கு வருவானா? துருக்கியில் வரவில்லை. 1936 மார்ச்சில் ஹிட்லர், படை நிறுத்தக்கூடாது என்று வேர்சாய் சொன்ன ரைன்லாந்துக்குள் படை அனுப்பியபோதும் வரவில்லை. அமெரிக்க செனட் வேர்சாயை ஏற்கவே இல்லை. காவல் இல்லாத தாளுக்குக் கடுமை என்ன, தாராளம் என்ன?

மலைநாட்டுப்_பிள்ளை:

லொசானை வெற்றிக் கதையாகச் சொல்லும்போது அதோடு வந்த சனமாற்றத்தையும் சொல்லுங்கள். ஏறக்குறைய 12 இலட்சம் கிறிஸ்தவர் கிரேக்கத்துக்கு, நாலு இலட்சம் அளவு முஸ்லிம்கள் துருக்கிக்கு. மொழியைப் பார்க்கவில்லை, மதத்தைப் பார்த்தார்கள். துருக்கி மொழி பேசும் கிறிஸ்தவர்களைக் கிரேக்கத்துக்கும், கிரேக்க மொழி பேசும் கிரேத்தா முஸ்லிம்களைத் துருக்கிக்கும் அனுப்பினார்கள். போன இடத்திலும் அவர்கள் வெளியாள்தான்.

1964இல் கொழும்பும் டெல்லியும் சேர்ந்து இந்திய வம்சாவளித் தமிழரான எங்கள் ஆட்களைப் பங்கு பிரித்தபோதும் யாரும் யுத்தத்தில் தோற்கவில்லை. ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இங்கே, மிச்சம் பிறகு பார்ப்போம். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். தலைமன்னாரில் கப்பல் ஏறிய குடும்பங்களை இந்தப் பட்டியலில் எந்த வரிசையில் போடுவது, சொல்லுங்கள் சேர்.

வெள்ளவத்தை_வாத்தியார்:

தோற்ற நாடு இல்லாத ஒப்பந்தம், ஆனால் தோற்ற சனம் உண்டு. அதற்குத் தனித் திரி தொடங்குங்கள் பிள்ளை, நானும் வருகிறேன். இங்கே ஒரு பதிலில் அடங்காது.

இரண்டாம் தடவைத் தம்பிக்கு: கைநூலில் இருப்பதை முதல் பந்தியில் எழுது, புள்ளி அதற்குத்தான். இரண்டாம் பந்தியில் 1928 வாக்கு வீதத்தையும் 1932 லொசானையும் போடு. திருத்துகிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

உயர்தரம்_இரண்டாம்_தடவை:

சரி சேர். ரெண்டு லொசான் இருக்கு, 1923 ஒண்டு, 1932 ஒண்டு. குழப்பினா புள்ளி வெட்டுவாங்களா?

பேரேடு:

வெட்டுவார்கள்.